வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாயைத் தீபாவளிக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

எங்கள் வீட்டுச் செவலைக்குப் பட்டாசு என்றால் எவ்வளவு அச்சம் என்பது ஓர் ஐப்பசி மாலையில், கூடத்து மொசைக் தரையில் வரிசையாகப் பதிந்திருந்த ஈரக் காலடித் தடங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அன்று மழையில்லை, நாய் தண்ணீரில் கால் வைக்கவுமில்லை. நாய்க்கு வியர்வை பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில்தான் சுரக்கிறது என்பதையும், அச்சம் மிகும்போது அது தரையில் தடம் பதியும் அளவுக்குப் பெருகும் என்பதையும் பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் முதல் சரம் கொளுத்தப்படுவதற்கு முன்பே, எங்கோ தொலைவில் கேட்ட ஒன்றிரண்டு ஓசைகளுக்கே, அது சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே பத்துப் பதினைந்து முறை நடந்திருந்தது. அதன் பிறகு நான் செய்தது பெருந்தவறு. உள்ளே இருந்தால் பத்திரம் என்று எண்ணி, அதைக் குளியலறையில் விட்டு வெளித்தாழ்ப்பாள் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கதவின் அடிப்பகுதி சீவியதுபோல் பிளந்திருந்தது. நாயின் இரண்டு நகங்களிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் மருத்துவரிடம் கேட்டும் வீட்டில் செய்து பார்த்தும் நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது, இந்த வேலையை ஆடி மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதாகும். பண்டிகை நாளில் நாயின் துன்பத்தை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான். அச்சத்தின் வேரில் கை வைப்பதற்குத் தெரு அமைதியாக இருக்கும் இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். சட்டப்படி விற்கத்தக்க வெடியே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை ஒலிக்கலாம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல்தான் குறையும் என்பதால், 16 மீட்டருக்கு அப்பால், அதாவது இரண்டு மூன்று வீடு தள்ளிக்கூட, 113 டெசிபல் அளவுக்கு அது கேட்கும். இருபுறமும் மாடி வீடுகள் நெருக்கி நிற்கும் தெருவில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால் அந்தக் குறைவும் கிடைப்பதில்லை. இவ்வளவு பெரிய ஒலி எப்போது வரும், எங்கிருந்து வரும் என்பது நாய்க்குத் தெரிவதில்லை. இடி இடிப்பதற்கு முன் வானம் இருட்டும், காற்று வீசும், மண்வாசனை எழும். வெடிக்கு முன் இத்தகைய அறிகுறி எதுவும் கிடையாது.

"நாளாக நாளாகத் தானே பழகிவிடும், விடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வது வழக்கம். சில நாய்கள் பழகவும் செய்யும். ஆனால் ஒருமுறை நன்றாக மிரண்டுவிட்ட நாய்க்கு ஒவ்வொரு தீபாவளியும் முந்தைய ஆண்டைவிடக் கடுமையாக அமைவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. முதலாண்டில் அணுகுண்டுக்கு மட்டும் ஓடி ஒளிந்த நாய், மூன்றாம் ஆண்டில் குக்கர் விசிலுக்கும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் ஓசைக்கும் மிரள்வதைப் பார்க்கலாம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில் பலவகை ஒலிகளை மெல்லிய அளவில் கேட்டு வளர்ந்த குட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வளர்ந்த நாயை எடுத்து வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். இதுவரை அஞ்சாமல் இருந்த வயதான நாய் திடீரென ஒலிக்கு மிரளத் தொடங்கினால், முதலில் அதன் மூட்டுகளையும் இடுப்பையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிரண்டு துள்ளும்போது உடல் வலிப்பதால், ஒலியையும் வலியையும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்வதுண்டு. வலிக்கு மருந்து கொடுக்காமல் அச்சத்துக்கு மட்டும் பயிற்சி அளிப்பதால் பயன் அதிகமிராது.

நடுக்கமும் ஓட்டமும் யாவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அடையாளங்களைக் கவனிக்கப் பழகுவதே இந்த வேலையில் பாதி. உறக்கம் வராத வேளையில் கொட்டாவி விடுதல், தின்பண்டம் எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கிக்கொள்ளுதல், காதுகளைப் பின்னுக்கு மடித்தல், கண்ணின் வெள்ளை விளிம்பு தெரிய ஓரமாகப் பார்த்தல், வெயில் இல்லாமலே மூச்சிரைத்தல், எச்சில் வடித்தல், விரும்பி உண்ணும் பண்டத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுதல் ஆகியவை அவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு மிகவும் பயன்படும். அவித்த ஈரலை மறுக்கும் நாய், கற்றுக்கொள்ளும் நிலையைக் கடந்துவிட்டது என்று பொருள்.

ஆடியில் தொடங்கும் பயிற்சி

பட்டாசு ஒலிகளின் பதிவுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. சரவெடி, ராக்கெட், ஒற்றை வெடி என வெவ்வேறு வகைகளைத் தனித்தனியே சேர்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ராக்கெட்டின் சீறலுக்குப் பழகிய நாய் அணுகுண்டுக்குப் பழகியதாக ஆகாது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அடித்தொனி எழவே எழாது. "டமார்" என்ற ஓசையில் நெஞ்சில் அதிர்வதுபோல் உணர்கிறோமே, அந்தப் பகுதி அதில் காணாமல் போய்விடும். ஆகவே வீட்டில் இருக்கும் நல்ல ஸ்பீக்கரையோ ஹோம் தியேட்டரையோ பயன்படுத்த வேண்டும்.

முதல் நாள், நமக்கே காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். நாய் ஒரு காதை மட்டும் அந்தத் திசையில் திருப்பிவிட்டு மீண்டும் தன் வேலையைப் பார்க்க வேண்டும். அதுதான் சரியான அளவு. எழுந்து நின்றாலோ அறையைவிட்டு வெளியேறினாலோ ஒலி அதிகம். இனி வரிசைதான் முக்கியம்: முதலில் ஒலி, அது கேட்ட ஒரு விநாடிக்குள் தின்பண்டம். நாம் பண்டத்தைக் கையில் எடுத்த பிறகு ஒலியை எழுப்பினால், பண்டப் பொட்டலத்தின் சலசலப்பே வெடிக்கு முன்னறிவிப்பாகிவிடும்; பிறகு பொட்டலத்தைத் தொட்டாலே நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். பண்டமும் அன்றாடம் கிடைக்காததாக இருக்க வேண்டும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகமளவுத் துண்டுகளாக நறுக்கி, பயிற்சிக்கென்றே குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். வேறு எந்த நேரத்திலும் அதைக் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரத்தில், மெல்லிய வெடியோசை கேட்டதும் செவலை ஸ்பீக்கரைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தது. நாம் காத்திருக்க வேண்டியது அந்தப் பார்வைக்குத்தான். அது வந்த பிறகே ஒலியை ஒரு படி ஏற்றலாம்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் இருமுறை. உற்சாகம் மேலிட்டு அரை மணி நேரம் பயிற்சி அளிப்பவர்களின் நாய்தான் பத்தாம் நாளில் ஸ்பீக்கர் இருக்கும் அறைக்கே வராமல் நிற்கும். ஒலியின் அளவை ஏற்றும் நாளில் இடத்தை மாற்றக் கூடாது. இடத்தை மாற்றும் நாளில், அதாவது ஸ்பீக்கரைச் சன்னலோரத்துக்கோ மொட்டை மாடிப் படிக்கட்டுக்கோ கொண்டுபோகும் நாளில், ஒலியை இரண்டு படி இறக்கிவிட வேண்டும். பகலில் பழகியதை இரவிலும் ஒருமுறை முதலிலிருந்து செய்து பார்ப்பது அவசியம், ஏனெனில் நாய்க்கு இரவுத் தெரு வேறொரு தெருவாகும்.

நம் ஊரில் இந்தப் பயிற்சிக்கு இடையூறாக வருவது தீபாவளி மட்டுமன்று. ஆடிக் கொடை, கோயில் திருவிழா அதிர்வேட்டு, அரசியல் கட்சியின் வெற்றிக் கொண்டாட்டம், சாவு ஊர்வலம் என ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எங்கள் பயிற்சி ஆறாவது வாரத்தை எட்டியிருந்தபோது, பறையடித்துக்கொண்டும் வெடி போட்டுக்கொண்டும் ஓர் ஊர்வலம் தெருவைக் கடந்தது. மறுநாள் செவலை மூன்றாம் வாரத்து அளவுக்கே காதை மடித்தது. இத்தகைய சறுக்கல் நேர்ந்தால் இரண்டு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு, பின்னர் சற்றே குறைந்த அளவிலிருந்து தொடங்கினால் இழந்த இடத்தை விரைவில் மீட்டுவிடலாம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, சிறுவர்கள் ஒன்றிரண்டு வெடிகளை வெடித்துப் பார்க்கத் தொடங்கியதும், பதிவைப் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

பதிவுப் பயிற்சிக்கு நேரம் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். உண்மையான வெடி எங்கே கேட்டாலும், அந்த நொடியே நாய்க்கு ஒரு நல்ல பண்டத்தைக் கொடுப்பதோ, பந்தை உருட்டிவிடுவதோதான் அது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர் 1,225 நாய் வளர்ப்போரிடம் தகவல் திரட்டி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கையாண்டவர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பயன் கண்டதாகக் கூறியிருந்தனர். மூலிகை மருந்து, மணமூட்டி முதலியவற்றை நம்பியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அவை உதவியதாகத் தோன்றியது. அச்சப்படும்போது தின்பண்டம் கொடுத்தாலோ தடவிக் கொடுத்தாலோ அச்சத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும் என்ற கருத்து இன்னும் பலரிடம் இருக்கிறது. அது சரியன்று. உட்கார், கைகொடு என்பவை போல அச்சம் நாய் விரும்பிச் செய்யும் செயல் அன்று. இருட்டில் அழும் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டால் அதன் அச்சம் எப்படிக் கூடிவிடாதோ, அப்படித்தான் இதுவும். நாய் நம்மிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். அதட்டுவதும், "பார், ஒன்றுமில்லை" என்று வாசலுக்கு இழுத்துப் போய் வெடியைக் காட்டுவதும்தான் கேடு.

ஒளிவதற்கு ஓரிடம்

அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதைவிட நாயையே தேர்ந்தெடுக்க விடுவது நன்று. இடி இடிக்கும் நாள்களில் அது எங்கே போய்ச் சுருண்டுகொள்கிறது என்று பார்த்துவைத்தால் போதும். கட்டிலுக்கடி, மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலை, சாமான் அறை எனப் பெரும்பாலும் சன்னல் குறைவான, உள்ளடங்கிய இடமாகத்தான் அது இருக்கும். அங்கே அதன் விரிப்பையும், நாம் உடுத்திக் களைந்த பழைய வேட்டியையோ நைட்டியையோ போட்டு, சில வாரங்களுக்கு முன்பிருந்தே உணவையும் அங்கேயே வைத்து வர வேண்டும். கட்டிலின் இருபுறமும் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் ஒளிச்சிதறலும் தெரியாது, ஓசையும் ஓரளவு மட்டுப்படும். கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். தப்பிக்க வழியில்லை என்ற நினைப்பே அச்சத்தைப் பன்மடங்காக்கும். குளியலறைக் கதவு எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஓசையை ஓசையால் மறைப்பதற்கு மின்விசிறியும் ஏர்கூலரும் நன்றாக உதவும், ஏனெனில் அவை இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கின்றன. தொலைக்காட்சிப் பட்டிமன்றமும் மோசமில்லை, கைதட்டல் வரும் இடங்கள் நீங்கலாக. உடலை இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் துணிச்சட்டை சில நாய்களுக்கு அமைதி தருகிறது. வாங்குமுன் பழைய பருத்தி பனியனை அணிவித்துச் சாதாரண நாளில் சோதித்துப் பார்க்கலாம். அணிந்ததும் கற்சிலைபோல் அசையாமல் நின்றால், அது அமைதியன்று, கழற்றிவிடுங்கள்.

மருந்து தேவைப்படும்போது

தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நாய்க்கும், மணிக்கணக்கில் நடுங்கி உணவையும் நீரையும் மறுக்கும் நாய்க்கும் மருந்தைத் தள்ளிப்போடுவது இரக்கமாகாது. டிரசோடோன், கேபாபென்டின், அல்பிரசோலம் போன்றவற்றை மருத்துவர்கள் நாயின் எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பரிந்துரைக்கிறார்கள். ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் பசை, ஒலி அச்சத்துக்கென்றே 2015-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. இவற்றில் எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அலோபதிக் கடையில் கிடைக்கும் மனிதருக்கான மாத்திரையை நாமாகவே உடைத்துக் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும்கூட நாய்க்கு நஞ்சாகலாம். பழைய வழக்கப்படி அசிபுரோமசினை மட்டும் எழுதித் தந்தால், வேறு மருந்து உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அது உடலைத் தளர்த்துமே ஒழிய அச்சத்தைத் தணிப்பதில்லை. ஓட முடியாமல் படுத்துக்கொண்டு அத்தனை ஓசையையும் கேட்கும் நிலைக்கு நாய் தள்ளப்படுகிறது.

மருத்துவரைப் பார்ப்பதை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்து, அமைதியான ஒரு நாளில் முதல் அளவைக் கொடுத்து நான்கைந்து மணி நேரம் கவனியுங்கள். சில நாய்களுக்குச் சில மருந்துகள் எதிர்மாறாக வேலைசெய்து படபடப்பைக் கூட்டிவிடுவதுண்டு. அது தெரியவருவது தீபாவளி இரவாக இருக்கக் கூடாது. மேலும் இம்மருந்துகளை அச்சம் தலைக்கேறிய பிறகு கொடுப்பதைவிட, முதல் வெடிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாகக் கொடுத்தால்தான் முழுப் பயனும் கிடைக்கும்.

தீபாவளி நாளின் நேர அட்டவணை

உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்ததை அடுத்து, தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை எனப் பிரித்து அறிவித்தது. காகிதத்தில் அவ்வாறு இருந்தாலும், கங்கா ஸ்நானம் முடித்தவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே முதல் சரத்தைக் கொளுத்திவிடுவார்கள் என்பதும், இரவு பத்தரை வரை ஓயாது என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே நாயை வெளியே அழைத்துச் செல்லும் வேளைகளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறையும், விருந்துண்டு ஊரே கண்ணயரும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள் ஒருமுறையும், நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையும் போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அச்சத்தில் சிறுநீரை அடக்கிவைக்கும் நாய்க்கு இது முக்கியம். முந்தின நாள் மாலை நெடுந்தூரம் நடத்திக் களைப்படையச் செய்வதும் உதவும்.

எவ்வளவு பழகிய நாயாயினும் அன்று கழுத்துப்பட்டையுடன், மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸும் அணிவித்து, இரண்டிலும் கயிற்றைக் கோத்துப் பிடிக்க வேண்டும். மிரண்ட நாய் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவுவதற்கு ஒரு விநாடி போதும். பட்டையில் கைப்பேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதிலுள்ள தொடர்பு எண் இப்போதும் நம்முடையதுதானா என்று சரிபாருங்கள். பலகாரத் தட்டோடு வருவோர் போவோருக்காக வெளிக்கேட் திறந்தே கிடக்கும் நாள் அது. வாசலில் சங்கிலியில் கட்டிப்போடும் வழக்கமுள்ள வீடுகளில் அன்று ஒரு நாளாவது அவிழ்த்து உள்ளே விட்டுவிடுங்கள். மதிலைத் தாண்டிக் குதித்த நாயைச் சங்கிலி கழுத்தில் தொங்கவிட்டுவிடும்.

பலகாரத்திலும் ஆபத்து உண்டு. லட்டிலும் கேசரியிலும் உள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. சாக்லேட்டும் வெங்காயமும் அப்படியே ஆகாதவை. "பாவம், பயந்துபோயிருக்கிறது" என்று விருந்தாளிகள் அன்போடு ஊட்டுவதைத் தடுப்பதற்கு வீட்டில் ஒருவரை நியமித்துவிடுவது உத்தமம்.

தெரு நாய்களுக்கு இந்தப் பயிற்சி எதையும் அளிக்க முடியாது. மாடிப்படிக்கு அடியிலோ வாகன நிறுத்தத்திலோ ஒரு சாக்கை விரித்து, ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, கேட்டை ஒருக்களித்து வைத்தால் அதுவே பெரிய உதவி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் தெருவில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாவிட்டாலும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அணுகுண்டைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். நான் கேட்ட ஆண்டில் ஒரு பையன், ஒவ்வொன்றையும் கொளுத்துமுன் எங்கள் சன்னலருகே வந்து "அத்தை, வைக்கப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதற்குள் ஈரல் துண்டு என் கைக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை நடைக்கு முன்பாக வாசலையும் தெருவின் நம் பகுதியையும் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். வெடிக்காமல் கிடக்கும் வெடிகளிலும் மருந்துத்தூளிலும் உள்ள பேரியம், கந்தகம், வெடியுப்பு முதலியவை நாயின் வயிற்றுக்குள் போனால் வாந்தியும் நடுக்கமும் உண்டாகலாம். அவ்வாறு நேர்ந்தால் எதைத் தின்றதோ அதன் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மத்தாப்புக் கம்பி உள்ளங்காலில் குத்தியிருக்கிறதா என்று விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். அடுத்த மூன்று நான்கு நாள்கள் நாய் மந்தமாக இருந்தால் அதன் போக்கில் விட்டுவிடலாம். வழக்கம்போல் உண்ணத் தொடங்கியதும், எந்த வகை ஒலிக்கு எவ்வளவு மிரண்டது என்பதை நாள்காட்டியின் பின்புறம் குறித்துவைத்து, அந்த அளவுக்குக் கீழிருந்து பதிவை மீண்டும் ஒலிக்கவிடுங்கள். சில வாரங்களிலேயே கார்த்திகை தீபம் வந்துவிடும். அன்று வெடி குறைவாகவும் இடைவெளி விட்டும் கேட்பதால், ஈரல் துண்டுகளோடு சன்னலோரத்தில் அமர்ந்து பழக்குவதற்கு அதைவிடத் தோதான மாலை கிடைக்காது.